‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ படத்தை வீட்டில் பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேற்றுக் கிரகத்து இயந்திரங்கள் பூமிக்கு வந்து சண்டையிடும் ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ திரைப்படம் 2007 ஜூலையில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்து, அதே ஆண்டு ஒக்டோபர் 16 ஆம் திகதி வீட்டில் பார்ப்பதற்கான இறுவட்டாக வெளியானது. மட்டக்களப்பில் டிவிகளையும் டிவிடி பிளேயர்களையும் திருத்துவது என் தொழில். ஏறாவூர் முதல் அக்கரைப்பற்று வரை உள்ள வாடிக்கையாளர்கள் இன்றுவரை இந்தப் படத்தைப் பற்றி ஒரே வகையான சந்தேகங்களையே கேட்டு வருகிறார்கள். “படம் சரியில்லை” என்று வரும் முறைப்பாடுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் படமல்ல, வட்டு, வயர், அல்லது டிவியில் யாரோ மாற்றிவிட்ட ஓர் அமைப்பு என்பதே என் கணிப்பு. கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

தம்பி, இது பொம்மைப் படமா? பெரியாக்கள் பார்க்கலாமா?

பொம்மையிலிருந்து பிறந்த படம் என்பது உண்மை. ஜப்பானின் டகாரா நிறுவனம் செய்த உருமாறும் விளையாட்டுச் சாமான்களை, அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1984 இல் ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. 2007 இல் வந்த படத்தை இயக்கியவர் மைக்கேல் பே. நிர்வாகத் தயாரிப்பாளர்களுள் ஒருவர் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க். ஏறத்தாழ 15 கோடி டொலர் செலவில் எடுக்கப்பட்டு, உலகெங்கும் 70 கோடி டொலருக்கு மேல் வசூலித்தது.

கதை எளிமையானது. நல்லவர்களான ஓட்டோபொட்ஸ், வில்லன்களான டிசெப்டிகொன்ஸ் என்ற இரு ரோபோக் கூட்டத்தினர் ‘ஆல்ஸ்பார்க்’ எனும் சக்திக் கனசதுரத்தைத் தேடிப் பூமிக்கு வருகிறார்கள். அது இருக்கும் இடம், சாம் என்ற பள்ளி மாணவனின் மூதாதை ஒருவருடைய மூக்குக் கண்ணாடியில் பதிந்து கிடக்கிறது. முதல் ஒரு மணி நேரம், அந்தப் பையன் வாங்கிய பழைய கார் தானாக நடமாடத் தொடங்கும் பகுதி வரை, பெரியவர்களும் அலுப்பின்றிப் பார்க்கக்கூடியது. கடைசிச் சண்டை நீளம் என்பது என் கருத்து.

எத்தன வயசுப் பிள்ளைக்குக் காட்டலாம்?

அமெரிக்காவில் இதற்கு ‘பிஜி-13’ சான்றிதழ் வழங்கப்பட்டது. பதின்மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பொருந்தாத பகுதிகள் இருக்கலாம் என்று பெற்றோருக்குச் சொல்லும் எச்சரிக்கை அது. இரத்தம் பெரிதாக இல்லை. ஆனால் இராணுவ முகாம் தாக்கப்படும் முதற்காட்சி கடுமையானது. ஹெலிகொப்டர் சத்தமும் வெடிச் சத்தமும் எங்கள் பகுதியில் சில முதியவர்களுக்கு வேறு நினைவுகளைக் கொண்டுவரும் என்பதையும் யோசித்துத்தான் சத்தத்தைக் கூட்ட வேண்டும். சாமின் பெற்றோர் அவனது அறைக்குள் வரும் இடத்தில் ஆபாசப் பகிடியும் உண்டு. குடும்பமாக இருந்து பார்ப்பவர்கள் ரிமோட்டைக் கையருகில் வைத்திருப்பது நல்லது. 2009 இல் வந்த இரண்டாம் பாகத்தில் இவ்வகைப் பகிடிகள் இன்னும் அதிகம்.

கட்டார்ல நடக்கிற மாதிரி வருதே, எந்த இடம் அது? நான் எட்டு வருசம் அங்கதான் இருந்தன், எனக்குப் பிடிபடல்ல.

பிடிபடாததற்குக் காரணம் இருக்கிறது. கதைப்படி அது கட்டாரில் உள்ள அமெரிக்கத் தளம் என்றாலும், அந்தக் காட்சிகள் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், ஹொலமன் விமானப்படைத் தளத்திலும் வைட் சாண்ட்ஸ் பாலைவனப் பகுதியிலும் எடுக்கப்பட்டவை. கடைசிச் சண்டை நடக்கும் ‘மிஷன் சிற்றி’ என்ற நகரமும் கற்பனையே. அதில் பெரும்பகுதி லொஸ் ஏஞ்சல்ஸ் நகர வீதிகளில் படமாக்கப்பட்டது. ஹூவர் அணை மட்டும் உண்மையான ஹூவர் அணைதான்.

புளூரே வட்டை என்ட டிவிடி பிளேயர்ல போட்டா ‘நோ டிஸ்க்’ எண்டு வருது. பிளேயர் பழுதா?

பழுதில்லை. டிவிடி பிளேயரில் 650 நனோமீற்றர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர் இருக்கிறது. புளூரே வட்டை வாசிக்க 405 நனோமீற்றர் நீல ஊதா லேசர் வேண்டும். இரண்டு வட்டுகளும் ஒரே அளவாக இருந்தாலும், புளூரேயில் பதிந்துள்ள குழிகள் மிக நுண்ணியவை. சிவப்பு லேசருக்கு அவை தெரியாது. புளூரே பிளேயரில் டிவிடி ஓடும், டிவிடி பிளேயரில் புளூரே ஓடாது. புளூரேயைவிடத் தெளிவு கூடிய 4கே வட்டுக்கு அதற்கென்றே செய்யப்பட்ட பிளேயர் தேவை.

கனடாவில இருந்து மாமா கொண்டுவந்த வட்டு டிவிடி பிளேயர்லயும் எடுக்குதில்ல, புளூரே பிளேயர்லயும் எடுக்குதில்ல. இது என்ன சாமான்?

பெட்டியின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு நிறப் பெட்டியில் ‘எச்டி டிவிடி’ என்று அச்சிடப்பட்டிருந்தால், அது புளூரேயோடு போட்டியிட்டுத் தோற்றுப்போன வேறொரு வகை வட்டு. இந்தப் படம் வீட்டுக்கு வந்த காலம் அந்தப் போட்டி உச்சத்தில் இருந்த காலம். 2007 ஓகஸ்டில், இப்படத்தை வெளியிட்ட பரமவுண்ட், டிரீம்வர்க்ஸ் நிறுவனங்கள் தங்கள் படங்களை உயர்தெளிவில் எச்டி டிவிடியாக மட்டுமே வெளியிடப்போவதாக அறிவித்தன. ஆகவே ஒக்டோபரில் இப்படம் டிவிடியிலும் எச்டி டிவிடியிலும் வந்தது, புளூரேயில் வரவில்லை. இயக்குநர் மைக்கேல் பேயே முதலில் தன் கோபத்தை வெளிப்படையாகக் காட்டிப் பின்னர் தணிந்தார்.

2008 பெப்ரவரியில், எச்டி டிவிடியை முன்னின்று உருவாக்கிய தோஷிபா நிறுவனம் எச்டி டிவிடியைக் கைவிட்டது. அதன் பிறகே, 2008 செப்டெம்பர் 2 ஆம் திகதி, இப்படம் புளூரேயில் கிடைத்தது. எச்டி டிவிடி பிளேயர் இப்போது எங்கும் புதிதாகச் செய்யப்படுவதில்லை. வட்டை மாமாவின் ஞாபகமாக வைத்துக்கொண்டு, படத்தை வேறு வழியில் பாருங்கள். அந்த ஒரு வட்டுக்காகப் பழைய பிளேயர் தேடி வாங்குவது வீண் செலவு.

கட்டார்ல இருக்கிற தம்பி ஒரிஜினல் டிவிடி அனுப்பினவன். இஞ்ச போட்டா ‘ரீஜன்’ பிழை எண்டு வருது. ஒரிஜினல் எப்பிடிப் பிழையாகும்?

ஒரிஜினல் என்பதால்தான் இந்தச் சிக்கல் வருகிறது. டிவிடிக்காக உலகத்தை ஆறு வலயங்களாகப் பிரித்து, ஒரு வலயத்தில் விற்ற வட்டு இன்னொரு வலயத்துப் பிளேயரில் ஓடாதபடி பூட்டி வைத்தார்கள். ஒவ்வொரு நாட்டிலும் வேறு வேறு நாளில் படத்தை வெளியிட்டு விற்பதற்கான ஏற்பாடு அது. இலங்கை, இந்தியாவைப் போல 5 ஆம் வலயம். கட்டார் முதலான வளைகுடா நாடுகளும் இங்கிலாந்தும் சுவிற்சர்லாந்தும் 2 ஆம் வலயம், கனடா, அமெரிக்கா 1, மலேசியா, சிங்கப்பூர் 3, அவுஸ்திரேலியா 4. வட்டுப் பெட்டியின் பின்புறத்தில் உலக உருண்டைப் படத்துக்குள் இந்த எண் இருக்கும். எங்கள் ஊர்களில் விற்கப்படும் மலிவான பிளேயர்களில் பெரும்பாலானவை எல்லா வலயத்தையும் எடுப்பவை; விலை கூடிய பிளேயர்களே கண்டிப்பாக இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து சாமான் வருவிக்கும் ஊரில் மலிவுப் பிளேயரே மேல் என்று இதனால்தான் சொல்லி வருகிறேன்.

புளூரேயில் ஏ, பி, சி என்று மூன்றே வலயங்கள். இலங்கை சி, வளைகுடாவும் ஐரோப்பாவும் பி, வட அமெரிக்கா ஏ. ஆனால் பூட்டுப் போடுவது வெளியிடும் நிறுவனத்தின் விருப்பம் என்பதால் பூட்டில்லாத புளூரே வட்டுகள் பல உண்டு. 4கே வட்டில் வலயமே கிடையாது. இன்னொன்று: வட்டோடு சேர்த்துக் கனடாவிலிருந்து பிளேயரையும் அனுப்பினால், அதன் பின்புறத்தில் 100–240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் பிளக்கைச் செருக வேண்டாம். 120 வோல்ட் மட்டும் தாங்கும் பிளேயர் எங்கள் 230 வோல்ட்டில் ஒரு நொடியில் எரிந்துவிடும்.

டிவியில மேலயும் கீழயும் கறுப்பா கிடக்கு. காசு குடுத்துப் பெரிய டிவி வாங்கினது இதுக்கா?

இப்படம் உயரத்தைப் போல ஏறத்தாழ 2.39 மடங்கு அகலமான சட்டத்தில் எடுக்கப்பட்டது. உங்கள் டிவியின் அகலம் உயரத்தின் 1.78 மடங்கு மட்டுமே. அகலத்தை முழுமையாகக் காட்டினால் உயரத்தில் காற்பங்கு மிஞ்சும், அதுதான் கறுப்பு. ரிமோட்டில் ‘சூம்’ கொடுத்தால் கறுப்பு மறையும். கூடவே படத்தின் இரு பக்கங்களும் வெட்டுப்படும். சண்டைக் காட்சியில் எதிரி நிற்கும் பக்கமே காணாமற்போகும். ‘ஸ்ட்ரெச்’ கொடுத்தால் ரோபோக்கள் ஒட்டகச்சிவிங்கி போல் நீளும். இரண்டையும் தவிர்ப்பதே என் ஆலோசனை.

2017 இல் வந்த ஐந்தாம் பாகத்தில் கறுப்புப் பட்டை காட்சிக்குக் காட்சி கூடிக் குறையும். அது பல்வேறு கமராக்களால் எடுக்கப்பட்டு, வட்டிலும் அப்படியே விடப்பட்டது. அதற்காக டிவியைத் திருத்தக் கொண்டுவர வேண்டாம்.

கதைக்கிறது ஒண்டும் கேக்கல்ல, வெடிக்கக்குள்ள மட்டும் வீடே அதிருது. ஏன்?

எனக்கு வரும் முறைப்பாடுகளில் இதுவே முதலிடம். வட்டிலுள்ள ஒலி 5.1 வகை: முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, தாழ்ந்த அதிர்வுக்கு ஒன்று என ஆறு தனித்தனி ஒலித்தடங்கள். உரையாடலில் பெரும்பகுதி முன்பக்க நடு ஸ்பீக்கருக்கே போகும். வீட்டில் பலர் என்ன செய்கிறார்கள் என்றால், பிளேயரின் பின்புறமுள்ள ஆறு ஓட்டைகளில் இடம், வலம் என்ற இரண்டில் மட்டும் வயரைச் செருகிவிட்டு, பிளேயரின் அமைப்பை 5.1 என்றே விட்டுவிடுகிறார்கள். நடுத் தடம் எங்கும் போகாமல் நின்றுவிடுகிறது. பேச்சு தேய்ந்து, இசையும் வெடியும் மட்டும் வருகின்றன. பிளேயரின் ‘ஓடியோ’ பட்டியலில் ஸ்டீரியோ அல்லது ‘டவுன்மிக்ஸ்’ என்பதைத் தெரிவுசெய்தால் ஆறும் இரண்டாகக் கலந்து வரும். திருத்தக் கூலி கேட்க எனக்கே வெட்கமான வேலை இது.

வயர் சரியாக இருந்தும் இதே குறை இருந்தால், காரணம் படத்தின் ஒலி கலக்கப்பட்ட விதம். மெல்லிய பேச்சுக்கும் உரத்த வெடிக்கும் இடையிலான இடைவெளி, திரையரங்கை மனத்தில் வைத்து மிக அகலமாக விடப்பட்டிருக்கிறது. (ஒலித்தொகுப்பு, ஒலிக்கலவை, காட்சி விளைவு ஆகிய மூன்று பிரிவுகளில் ஒஸ்கார் விருதுக்கு இப்படம் முன்மொழியப்பட்டது, எதுவும் கிடைக்கவில்லை.) பிளேயரிலோ டிவியிலோ ‘நைட் மோட்’ என்ற அமைப்பு இருந்தால் அதைப் போடுங்கள், அது உரத்ததைத் தாழ்த்தி மெல்லியதை உயர்த்தும். தகரக் கூரை வீட்டில், தாழ்ந்த அதிர்வுக்கான சப் வூஃபர் ஸ்பீக்கரைச் சுவர் மூலையில் வைக்காதீர்கள்: மூலை பேஸைக் கூட்டிக் கொடுக்கும், தகரம் அதற்கு மேல் தாளம் போடும்.

சண்டை தொடங்கினா எது எவர் எண்டே விளங்கல்ல. எல்லாம் இரும்புக் குவியலாத் தெரியுது.

கண்ணைப் பாருங்கள். நீலக் கண் என்றால் ஓட்டோபொட், சிவப்புக் கண் என்றால் டிசெப்டிகொன். நிறத்திலும் உதவி உண்டு: மஞ்சள் நிறம் சாமின் காரான பம்பிள்பீ, சிவப்பு நீலத் தீச்சுடர் வரைந்த லொறி ஓட்டோபொட்ஸ் தலைவன் ஒப்டிமஸ் பிரைம். வில்லன்களில் பெரும்பாலோர் சாம்பல் நிறமும் இராணுவ நிறமுமாக இருப்பதால் அவர்களைப் பிரித்தறிவது கடினம்தான்; கமராவை அளவுக்கு மீறி ஆட்டியிருக்கிறார்கள் என்ற குறையையும் நான் ஒப்புக்கொள்கிறேன். ஒப்டிமஸ் பிரைமின் கணினி உருவத்தில் மட்டும் 10,108 பாகங்கள் உள்ளன. இன்டஸ்ட்ரியல் லைட் அன்ட் மஜிக் நிறுவனத்தார் செய்த அந்த வேலையைக் காண, கார் உருமாறும் இடங்களில் படத்தை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள்.

டிவியும் ஒரு காரணமாகலாம். புதிய டிவிகளில் அசைவை மென்மையாக்கும் ஓர் அமைப்பு தொழிற்சாலையிலிருந்தே போடப்பட்டு வருகிறது. அது நொடிக்கு 24 சட்டங்களாக, அதாவது 24 நிலைப்படங்களாக, எடுத்த படத்தில் இல்லாத சட்டங்களைத் தானே உருவாக்கிச் செருகும். வேகமான உலோகத் துண்டுகளுக்கு இடையில் அதன் கணிப்புத் தவறி ஓரங்கள் கரைகின்றன. படப் பட்டியலில் ‘மோஷன்’ என்று தொடங்கும் அமைப்பை நிறுத்திவிடுங்கள்.

மூண்டு பாகமும் ஒரே வட்டுல நூறு ரூபாய்க்கு வாங்கினன். ஓடுற கட்டத்தில எல்லாம் சதுரம் சதுரமா உடையுது. துடைச்சும் சரிவரல்ல.

துடைத்து இது சரிவராது. (துடைப்பதென்றால் நடுவிலிருந்து வெளிநோக்கி நேராகத் துடைக்க வேண்டும், சுற்றித் துடைக்கக் கூடாது.) முதற்படம் 144 நிமிடம். ஒரிஜினல் டிவிடியில் தரவு பதியும் இரண்டு அடுக்கிலும் சேர்த்து 8.5 ஜிபி இடம் உண்டு. ஒரே அடுக்குள்ள வட்டின் 4.7 ஜிபிக்குள் இவ்வளவு நீளமான மூன்று படங்களை அடைத்தால், ஒரு நொடிக் காட்சிக்குக் கிடைக்கும் தரவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும். இருவர் நின்று பேசும் காட்சிக்கு அது போதும். ஆயிரக்கணக்கான துண்டுகள் ஒவ்வொன்றும் தன் பாட்டில் அசையும் காட்சிக்குப் போதாது. போதாத இடத்தில் சதுரங்கள் தோன்றும். குடும்ப நாடகத்துக்குப் பொறுத்துக்கொள்ளக்கூடிய அத்தகைய வட்டு, இந்தப் படத்துக்கு எந்த விலையிலும் நட்டம்.

இன்ரநெற்றுல பார்த்தா எவ்வளவு டேட்டா போகும்?

படத் தெளிவைப் பொறுத்தது. சாதாரணத் தெளிவுக்கு மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி, எச்டிக்கு 3, 4கேக்கு 7 என்று கணக்கிட்டால், முழுப் படத்துக்கும் முறையே இரண்டரை, ஏழு, பதினேழு ஜிபி அளவில் செலவாகும். இரவு நேரத்துக்கெனத் தனியாக டேட்டா தரும் இணைப்பு உள்ளவர்கள், பார்க்கும் சேவை இடங்கொடுத்தால், இரவில் தரவிறக்கி வைத்து மறுநாள் பார்க்கலாம்.

அண்ணே, லண்டன் டிவிடியில 138 நிமிசம், கனடா டிவிடியில 144 நிமிசம். லண்டன்காரன் ஆறு நிமிசத்த வெட்டிட்டானா?

ஒரு காட்சியும் வெட்டப்படவில்லை. திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்கள். இங்கிலாந்தும் இலங்கையும் பின்பற்றும் பால் (PAL) எனும் தொலைக்காட்சி முறையிலான டிவிடி நொடிக்கு 25 சட்டங்களை ஓட்டுகிறது. மேலதிகச் சட்டத்துக்குப் புதிதாக எதையும் சேர்க்காமல், படத்தையே சற்று வேகமாக ஓடவிடுகிறார்கள். 144 ஐ 24 ஆல் பெருக்கி 25 ஆல் வகுத்துப் பாருங்கள், 138 வரும். கனடா, அமெரிக்க வட்டுகளில் உள்ள என்டிஎஸ்சி முறையில் இந்த வேகம் இல்லை. ஆனால் அதில் படக்கோடுகள் 480 மட்டுமே, பாலில் 576.

வேகம் கூடும்போது பொதுவாகச் சுருதியும் அரைச் சுரத்துக்குச் சற்றுக் குறைவாக உயரும். 1984 ஆம் ஆண்டுக் கார்ட்டூன் தொடர் முதல் ஒப்டிமஸ் பிரைமுக்குக் குரல் கொடுத்துவரும் பீட்டர் கலனின் ஆழ்ந்த குரல் லண்டன் வட்டில் கொஞ்சம் மெலிந்து ஒலிப்பதாக ஒருவர் சொன்னார், காது கூர்மையானவர். புளூரேயில் 24 சட்டங்களாகவே இருப்பதால் நேரமும் குரலும் திரையரங்கில் உள்ளபடியே கிடைக்கும்.

தமிழ் எழுத்து தேடி எடுத்துப் போட்டன். தொடக்கத்தில சரி, போகப் போகப் பிந்துது. ஏன்?

முந்தைய பதிலில் சொன்ன அதே 24, 25 வேறுபாடுதான். 24 சட்டப் பிரதிக்காக எழுதிய துணையெழுத்துக் கோப்பை 25 சட்டப் பிரதியோடு சேர்த்தால், மணிக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பிந்தி, படம் முடியும்போது ஏறத்தாழ ஆறு நிமிடம் பின்னால் நிற்கும். தொடக்கத்தை மட்டும் முன்னே தள்ளிச் சரிசெய்வதால் பயனில்லை. கோப்பின் வேகத்தையே மாற்ற வேண்டும், அல்லது உங்கள் பிரதியின் நீளத்துக்குப் பொருந்தும் கோப்பைத் தேட வேண்டும். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவாகப் பிந்தினால் மட்டும் தள்ளிவிட்டால் போதும்.

வில்லன் ரோபோக்கள் தங்கட பாஷையில கதைக்கக்குள்ள கீழ எழுத்தே வருதில்ல. அப்பிடித்தானா படம்?

இல்லை, அந்த இடங்களில் ஆங்கில எழுத்து வர வேண்டும். துணையெழுத்தை நிறுத்தி வைத்தாலும் வேற்று மொழிக்கு மட்டும் தானாக வரும்படி செய்யப்படும் தனித்தடம் சில பிரதிகளில் இருக்கும். மலிவு வட்டுக்காகப் படத்தைச் சுருக்குபவர்கள் முதலில் கழிப்பது அதைத்தான். அப்படியான பிரதியில் அந்த வரிகளை மீட்க வழியில்லை. முழுத் துணையெழுத்துக் கோப்பைத் தனியே சேர்க்கலாம், முந்தைய பதிலின் எச்சரிக்கையோடு.

கடைசியில எழுத்து ஓட ஆரம்பிச்சதும் நிப்பாட்டலாமா?

வேண்டாம். பெயர்கள் ஓடும்போது சாமின் பெற்றோர் பேட்டி கொடுக்கும் பகிடியும், டிசெப்டிகொன்களில் ஒருவனான ஸ்டார்ஸ்கிரீம் விண்வெளிக்குத் தப்பிச் செல்லும் காட்சியும் வருகின்றன. இரண்டாம் பாகம் பார்க்க இருப்பவர்களுக்குப் பின்னது தேவை.

பம்பிள்பீ கடைசியில வாய் திறந்து கதைக்குது, அடுத்த படத்தில திரும்ப ரேடியோ. எந்த ஒழுங்கில பார்த்தா இது விளங்கும்?

எந்த ஒழுங்கில் பார்த்தாலும் முழுதாக விளங்காது. குரல் பழுதான பம்பிள்பீ வானொலித் துணுக்குகளால் பேசுவதும், முதற்பாகத்தின் முடிவில் சொந்தக் குரலில் பேசுவதும், 2009 இல் மறுபடி வானொலிக்குத் திரும்புவதும், ஒன்றோடொன்று பொருந்தாதவை. அது குரலை இழந்த விதம் 2018 இல் வந்த ‘பம்பிள்பீ’ படத்தில் காட்டப்படுகிறது. 1987 இல் நடக்கும் அக்கதையில் அது, பழைய பொம்மையில் இருந்ததைப் போலவே, வொக்ஸ்வேகன் பீட்டில் காராக வருகிறது. 2023 இல் வந்த படம் 1994 இல் நடக்கிறது. கதை நடக்கும் ஆண்டுப்படி அடுக்கினால் முரண்கள்தான் கூடுதலாகக் கண்ணில் படும். ஆகவே வெளியான ஒழுங்கில் 2007, 2009, 2011 என்று மூன்றைப் பார்த்துவிட்டு, 2018 படத்தைத் தனிக் கதையாகப் பார்க்கச் சொல்லுவேன். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் முதலில் அந்த 2018 படத்தையே போடலாம்; இயக்குநர் டிராவிஸ் நைட்டின் கமரா நிதானமாக நிற்கிறது, எவர் எவரை அடிக்கிறார் என்பது தெரிகிறது.

டாங்கியா மாறுற ரோபோ தன்ட பேர் ‘டிவாஸ்டேட்டர்’ எண்டு சொல்லுது. மகன்ட பொம்மைப் பெட்டியில ‘ப்ரோல்’ எண்டு கிடக்கு. போலிப் பொம்மையா?

போலியென்று இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, ஏனெனில் முரண் படத்திலேயே இருக்கிறது. டாங்கியாக மாறுபவனுக்குப் பொம்மைகளில் வைத்த பெயர் ப்ரோல். படத்தின் துணையெழுத்தில் விழுந்தது டிவாஸ்டேட்டர். 2009 ஆம் ஆண்டுப் படத்தில் டிவாஸ்டேட்டர் என்ற பெயர், கட்டுமான இயந்திரங்கள் பல ஒன்றுசேர்ந்து உருவாகும் வேறொரு பூதத்துக்குக் கொடுக்கப்பட்டது. ஆகவே முதற்பாகத்து டாங்கிப் பொம்மையைக் கடையில் கேட்பவர்கள் ப்ரோல் என்றே கேட்க வேண்டும். டிவாஸ்டேட்டர் என்று கேட்டால் கைக்கு வருவது அந்தப் பெரிய பூதம், விலையும் அதற்கேற்றபடி இருக்கும்.